ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள்: சில கேள்விகள், சில பதில்கள்

ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்துவது பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளின் மல்டிசைட் வசதி பற்றியவை. ட்ரூபல் என்ற இன்னொரு தள மென்பொருள் பற்றி ஒன்றே ஒன்று. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

என்னிடம் ஐந்து தளங்கள் இருக்கின்றன, ஐந்தும் தனித்தனி வேர்ட்பிரஸ். அப்டேட் செய்வதிலேயே நேரம் போகிறது. மல்டிசைட்டுக்கு மாறிவிடலாமா?

அப்டேட் சுமை ஒன்றுதான் காரணம் என்றால் மாற வேண்டாம். டபிள்யூபி-சிஎல்ஐ (கட்டளை வரியிலிருந்து வேர்ட்பிரஸை இயக்கும் கருவி) வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினால் ஐந்து தளங்களும் ஒரே கட்டளையில் அப்டேட் ஆகிவிடும்.

மல்டிசைட்டில் வேர்ட்பிரஸ் கோப்புகள், தீம், பிளகின், பயனர் பட்டியல், டேட்டாபேஸ் எல்லாமே பொது. வசதியும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. நெட்வொர்க் முழுக்க, அதாவது எல்லாத் தளங்களுக்கும், இயக்கிவைத்த பிளகின் ஒன்று அப்டேட்டுக்குப் பிறகு படுத்துவிட்டால், எல்லாத் தளங்களும் சேர்ந்தே படுக்கும். ஒரு பிளகினில் பாதுகாப்பு ஓட்டை என்றால், அதை ஒரே ஒரு தளம்தான் பயன்படுத்துகிறது என்றாலும், உள்ளே வந்தவன் கையில் மொத்த டேட்டாபேஸும் கிடைத்துவிடும். ஒரு தளத்தை மட்டும் நேற்றைய பேக்கப்புக்குத் திருப்ப வேண்டும், மற்றவை இன்றைய நிலையிலேயே இருக்க வேண்டும் என்றால் அந்தத் தளத்தின் டேபிள்களைத் தனியாகப் பொறுக்கி எடுத்து மீட்க வேண்டும். ஹோஸ்டிங் பேனலில் இருக்கும் 'ரீஸ்டோர்' பொத்தான் அங்கே உதவாது.

யாருக்குப் பொருந்தும்? ஒரு பல்கலைக்கழகத்தின் துறைத் தளங்கள், ஒரு நிறுவனத்தின் கிளைத் தளங்கள், ஒரே பத்திரிகையின் வெவ்வேறு மொழிப் பதிப்புகள். தீமும் பிளகின்களும் ஏறக்குறைய ஒன்று, பார்த்துக்கொள்ளும் ஆட்களும் ஒன்று. ஐந்து வாடிக்கையாளர்களின் தளங்களை ஒன்றாகப் போடுவதற்கு இது ஏற்றதல்ல. அவர்களில் ஒருவர் ஒருநாள் விலகிப் போவார். அந்த வேலை எப்படிப்பட்டது என்று கீழே ஒரு கேள்வியில் சொல்கிறேன், படித்துவிட்டு முடிவெடுங்கள்.

மல்டிசைட்டை இயக்கப் போனால் சப்டொமைன் முறை (துணைத் தளத்தின் பெயர் டொமைனுக்கு முன்னால் வருவது) மட்டும்தான் காட்டுகிறது. எனக்குத் துணை அடைவு முறை (பெயர் டொமைனுக்குப் பின்னால், சாய்கோட்டுக்கு அடுத்து வருவது) வேண்டும். எங்கே போயிற்று?

உங்கள் தளத்தில் ஒரு மாதத்துக்கு முன்பே வெளியான பதிவுகள் இருக்கின்றன, அதனால்தான். வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் அதைத்தான் தேடிப் பார்க்கிறது. இருந்தால், துணை அடைவு முறையை மறைத்துவிடும்.

காரணம் முகவரி மோதல். முதன்மைத் தளத்தில் 'செய்திகள்' என்று ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கிறது, நாளை அதே பெயரில் ஒரு துணைத் தளத்தையும் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த முகவரி எதைக் காட்டுவது? இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் துணை அடைவு முறையில் முதன்மைத் தளத்தின் பதிவு முகவரிகளுக்கு நடுவில் 'பிளாக்' என்று ஒரு சொல்லைச் செருகிவிடுகிறது. பழைய தளத்தில் அப்படிச் செய்தால் வெளியே பரவியிருக்கும் இணைப்புகள் உடையும். கான்ஃபிக் கோப்பில் (வேர்ட்பிரஸின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் கோப்பு) ஒரு மாறிலியை அறிவித்து இந்தத் தடையைத் தாண்டலாம். ஆனால் புதிதாக ஒரு வேர்ட்பிரஸ் நிறுவி, அதில் மல்டிசைட்டை இயக்கி, பழைய உள்ளடக்கத்தை அதற்குள் கொண்டுவருவதுதான் என் தேர்வு.

சொந்தக் கணினியில் லோக்கல்ஹோஸ்டில் சோதிப்பவர்களுக்கு இதற்கு நேரெதிர்: அங்கே சப்டொமைன் முறை வராது.

ஒவ்வொரு தளத்துக்கும் தனி டொமைன் வேண்டும். டொமைனைத் தளத்தோடு இணைக்கும் மேப்பிங் பிளகின்களில் எது நல்லது?

எதுவும் வேண்டாம். 2016-இல் வந்த 4.5 பதிப்பிலிருந்தே இது வேர்ட்பிரஸுக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் மேப்பிங் பிளகினைப் போடச் சொல்லும் வழிகாட்டிகளைப் பார்த்தால் அவை பழையவை என்று கடந்துபோங்கள்.

வேலை ஹோஸ்டிங் பக்கம்தான் அதிகம். டொமைனின் டிஎன்எஸ் (பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் பதிவு) உங்கள் சர்வரைக் காட்ட வேண்டும். சர்வரில் அந்த டொமைன், வேர்ட்பிரஸ் இருக்கும் அதே ஃபோல்டருக்கு வர வேண்டும். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: பேனலில் டொமைனைச் சேர்க்கும்போது அது தானாக ஒரு புது ஃபோல்டரை உருவாக்கிவிடும், தளத்துக்குப் பதிலாக வெற்றுப் பக்கம் வரும். அப்புறம் அந்த டொமைனுக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ். முதன்மை டொமைனுக்கு வாங்கிய வைல்ட்கார்டு சான்றிதழ் அதன் சப்டொமைன்களுக்கு மட்டும்தான் செல்லும், வேறு டொமைனுக்குச் செல்லாது. இவையெல்லாம் முடிந்த பிறகு, நெட்வொர்க் நிர்வாகப் பகுதியில் அந்தத் தளத்தைத் திருத்தி முகவரியை மாற்றினால் போதும்.

மாற்றியதும் உள்நுழையும்போது குக்கி தடுக்கப்பட்டிருப்பதாகப் பிழை வந்தால், கான்ஃபிக் கோப்பில் குக்கி டொமைன் மாறிலி, வந்திருக்கும் ஹோஸ்ட் பெயரையே எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேருங்கள். டொமைன்கள் வேறுவேறு என்பதால் ஒவ்வொரு தளத்திலும் தனியாக உள்நுழைய வேண்டியிருக்கும். பாஸ்வேர்டு ஒன்றேதான்.

துணைத் தளத்தின் நிர்வாகி ஒரு ஐஃபிரேம் நிரலை (வேறு தளத்தின் உள்ளடக்கத்தைப் பக்கத்துக்குள் காட்டுவது) ஒட்டிச் சேமித்தால் அது காணாமல் போகிறது. நான் செய்தால் நிற்கிறது. பிழையா?

பிழை இல்லை. மல்டிசைட்டில் வடிகட்டாத எச்டிஎம்எல் எழுதும் உரிமை மொத்த நெட்வொர்க்கையும் நிர்வகிக்கும் சூப்பர் அட்மினுக்கு மட்டும். தனி வேர்ட்பிரஸில் சாதாரண அட்மினுக்கும் எடிட்டருக்கும்கூட அது உண்டு. அதனால்தான் மாறி வந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரிகிறது.

துணைத் தளத்தின் நிர்வாகி தன் பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்டை வைத்து, நீங்கள் உள்நுழைந்த நிலையில் அதைத் திறந்தால், உங்கள் அதிகாரத்தில் அது எதையும் செய்யலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் பாஸ்வேர்டு இன்னொருவர் கையில் கிடைத்தாலும் கதை அதேதான். இந்த உரிமையை எல்லோருக்கும் திறந்துவிடும் பிளகின்கள் கிடைக்கின்றன. போடாதீர்கள். யூடியூப் காணொளிதான் தேவை என்றால், முகவரியை மட்டும் தனி வரியில் ஒட்டச் சொல்லுங்கள், வேர்ட்பிரஸ் தானாகவே காட்டும். வேறு சேவை என்றால் அதற்கென்று ஒரு ஷார்ட்கோடு (பதிவில் இட்டால் நிரலாக விரியும் சிறு குறியீடு) நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

சர்வரில் 64 எம்பி வரை அனுமதி இருக்கிறது. ஆனால் 2 எம்பி படத்தைக்கூட ஏற்ற முடியவில்லை.

நெட்வொர்க் அமைப்புகள் பக்கத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். இயல்பான உச்ச வரம்பு 1500 கேபி. மாற்றிவிடுங்கள். அனுமதிக்கப்பட்ட கோப்பு வகைகளின் பட்டியலும் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் நெட்வொர்க்கில் இரண்டு கடைகள். ஒன்றில் பதிவு செய்தவர் மற்றதில் பதிவு செய்யப் போனால் 'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே உள்ளது' என்று வருகிறது. அவர் குழம்புகிறார்.

குழம்பத்தான் செய்வார். பயனர் டேபிள் மொத்த நெட்வொர்க்குக்கும் ஒன்றே. தளத்துக்குத் தளம் மாறுவது அவருடைய பொறுப்பு (ரோல்) மட்டுமே: இந்தத் தளத்தில் வாடிக்கையாளர், அந்தத் தளத்தில் ஒன்றுமில்லை. ஒரு தளத்திலிருந்து அவரை நீக்கினாலும் கணக்கு அழிவதில்லை.

இரண்டு கடைகளும் ஒரே நிறுவனத்துடையவை என்று வெளிப்படையாகச் சொல்வதில் தயக்கம் இல்லை என்றால், 'உங்கள் கணக்கு இங்கேயும் செல்லும்' என்று அறிவித்து, உள்நுழைந்ததும் பொறுப்பைச் சேர்த்துவிடலாம். தயக்கம் இருந்தால் மல்டிசைட்டே தவறான தேர்வு. பிரித்துவிடுங்கள்.

ஒரு துணைத் தளத்தைப் பிரித்துத் தனி வேர்ட்பிரஸ் ஆக்க வேண்டும். எப்படி?

சின்ன வலைப்பதிவு என்றால் ஏற்றுமதி, இறக்குமதிக் கருவியே போதும். பதிவுகள், பக்கங்கள், கருத்துகள் வந்துவிடும். அமைப்புகளும் விட்ஜெட்டுகளும் வராது, கையால் செய்துகொள்ள வேண்டும்.

பெரிய தளம் என்றால் டேட்டாபேஸில் இறங்க வேண்டும். ஒவ்வொரு துணைத் தளத்துக்கும் அதன் எண்ணை முன்னொட்டாகக் கொண்ட டேபிள்கள் இருக்கும். வேர்ட்பிரஸின் சொந்த டேபிள்கள் பத்து, பிளகின்கள் உருவாக்கியவை தனி. அவற்றை எடுத்து எண்ணை நீக்கிப் பெயர் மாற்ற வேண்டும். அதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆப்ஷன்ஸ் டேபிளுக்குள் பயனர் பொறுப்புகளை வைத்திருக்கும் வரியின் பெயரிலும், யூசர்மெட்டாவில் ஒவ்வொருவரின் உரிமையைச் சொல்லும் வரியின் பெயரிலும் அதே எண் ஒட்டியிருக்கும். அதையும் நீக்காவிட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் நிர்வாகப் பக்கம் அனுமதி மறுக்கும். பயனர் டேபிளிலிருந்து அந்தத் தளத்துக்குச் சம்பந்தப்பட்டவர்களை மட்டும் கொண்டுபோங்கள். மற்றவர்களின் விவரங்களை இன்னொருவருக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

படங்கள் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள், சைட்ஸ் என்பதன் கீழ், தளத்தின் எண்ணில் இருக்கும். இடம் மாற்றிய பிறகு பதிவுகளுக்குள் இருக்கும் பழைய முகவரிகளை மாற்ற நேரடி எஸ்கியூஎல் கட்டளை வேண்டாம். பல அமைப்புகளை ஒரே உரையாகச் சுருட்டி (சீரியலைஸ் செய்து) வைத்த தரவில் எழுத்துகளின் எண்ணிக்கையும் சேர்ந்து பதிந்திருக்கும். நீளம் மாறினால் அமைப்புகள் உடையும். டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளை அதைக் கவனித்துக்கொள்ளும். கடைசியாக, நெட்வொர்க் அளவில் இயங்கிய பிளகின்கள் புதிய இடத்தில் அணைந்தே இருக்கும். ஒவ்வொன்றாக இயக்குங்கள்.

ட்ரூபலிலும் மல்டிசைட் உண்டே, இரண்டும் ஒன்றா?

பெயர் மட்டும்தான் ஒன்று. ட்ரூபலில் பொதுவாக இருப்பது நிரல். ஒவ்வொரு தளத்துக்கும் சைட்ஸ் ஃபோல்டருக்குள் தனி அமைப்புக் கோப்பு, வழக்கமாகத் தனி டேட்டாபேஸ். பயனர்களும் தனி. ஒரு தளத்தை மட்டும் பேக்கப்பிலிருந்து மீட்பதும் பிரித்தெடுப்பதும் அதனால் எளிது. பதிலுக்கு, நிரலைப் புதுப்பித்த பிறகு டேட்டாபேஸ் அப்டேட்டை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

நேரம் குறித்துவைத்த பதிவுகள் முதன்மைத் தளத்தில் சரியாக வெளியாகின்றன. துணைத் தளங்களில் பல மணி நேரம் தாமதம்.

வேர்ட்பிரஸின் கிரான் (நேரம் குறித்த வேலைகளை ஓட்டும் பகுதி), யாராவது தளத்துக்கு வரும்போதுதான் ஓடும். ஒவ்வொரு தளத்துக்கும் அது தனி. ஆள் நடமாட்டம் குறைந்த தளத்தில் ஆள் வரும்வரை பதிவு காத்திருக்கும். சர்வர் கிரானில் முதன்மைத் தளத்தின் முகவரியை மட்டும் கொடுத்திருந்தால் அந்த ஒரு தளம்தான் ஓடும். டபிள்யூபி-சிஎல்ஐயில் தளங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு முகவரிக்கும் நேரம் வந்த வேலைகளை ஓட்டும்படி ஒரு வரி எழுதி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று சர்வர் கிரானில் போடுங்கள்.