இன்ஸ்டாகிராமில் வரும் ஆய்வு அழைப்பு: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகளுக்கு 17 வயது. மாதவிடாய் ஒழுங்கில்லாத மாணவிகள் மருத்துவ ஆய்வுக்குத் தேவை, 300 ரூபாய் தரப்படும் என்று அவளுடைய இன்ஸ்டாகிராமில் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. படிவத்தில் ஆதார் எண்ணையும் கேட்கிறார்கள். சேரலாமா?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: முதற்படிவத்திலேயே ஆதார் எண் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள், அம்மா. மாதவிடாயைப் பற்றி அறிய அந்த எண் தேவையில்லை. உண்மையான ஆய்வென்றால் நடத்தும் நிறுவனம், ஆய்வாளரின் பெயர், பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி ஆகியவற்றைத் தயங்காமல் சொல்வார்கள். அறிவிப்பில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுத்து விசாரியுங்கள். மகளுக்கு 18 வயது நிறையாததால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் அவளுடைய சம்மதமும் வேண்டும். பேருந்துச் செலவுக்கும் செலவிடும் நேரத்துக்கும் 300 ரூபாய் தருவது தவறில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அறிவிப்பின் கீழே தோழி ஒருத்தி உங்கள் மகளை டேக் செய்து, “இது உனக்குத்தான்டி” என்று அன்போடு எழுதியிருக்கக்கூடும். அந்த ஒரு வரியில், மகள் உங்களிடம் மட்டும் சொன்ன உடல்நிலை வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். அதை அன்றே நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முதுநிலை செவிலியர் படிப்பின் ஆய்வேட்டுக்காகச் சென்னைக் கல்லூரி மாணவர்களின் தூக்கத்தைப் பற்றி ஆராய்கிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு இன்ஸ்டாகிராமில் அறிவிப்பு வெளியிட்டேன். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலவழியில் படித்த பெண்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பேராசிரியர்கள் மூலம் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பை அனுப்பச் சொல்லலாமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: வேண்டாம். இன்டர்னல் மார்க் போடுபவரிடமிருந்து வரும் இணைப்பை மறுக்க எந்த மாணவருக்கும் மனம் துணியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் மாணவர்களைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படுவோராகக் கருதுவது இதனால்தான். கல்லூரி அனுமதி பெற்று, க்யூஆர் கோடு அச்சிட்ட சுவரொட்டியை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கேன்டீன் வாசலில் நீங்களே நின்று பேசுங்கள். சுவரொட்டியின் வாசகத்தையும் இந்தப் புதிய வழியையும் முன்கூட்டியே நெறிமுறைக் குழுவிடம் காட்டி அனுமதி பெற்றாக வேண்டும்.

உங்கள் அறிவிப்பு எந்த நேரத்தில் வெளியானது என்பதையும் எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏற்கெனவே தூங்காதவர்கள். அவர்களை மட்டும் வைத்துச் சென்னை மாணவர்களின் தூக்கத்தை அளந்தால் கணக்கு தொடக்கத்திலேயே சாய்ந்துவிடும். உங்களைப் பின்தொடர்பவர்களுக்கும் அவர்களைப் போன்ற ரசனை உள்ளவர்களுக்குமே அந்தச் செயலி உங்கள் பதிவை அதிகம் காட்டும் என்பதால் இந்தச் சாய்வு இன்னும் கூடும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், அண்ணனோடு ஒரே போனைப் பகிர்ந்துகொண்டு, கல்லூரி முடிந்ததும் பகுதிநேர வேலைக்கும் போகும் மாணவனின் தூக்கம் எப்படிக் கெடுகிறது என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. அவனுடைய கண்ணில் உங்கள் பதிவு படவே இல்லை. இவ்விஷயத்தில் எனக்கு மிகுந்த ஆதங்கம் உண்டு. நம் வடசென்னைப் பகுதியைச் சேர்க்காத ஆய்வை வைத்து நம் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது எப்படிப் பொருந்தும்? இயன்றவரை அவர்களைச் சேருங்கள். முடியாமல் போனால், யார் விடுபட்டார்கள் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள்.

படிவம் தமிழிலும் இருக்கட்டும். “உறக்கத் தொடக்கத் தாமதம்” என்று மொழிபெயர்க்காமல், “படுத்தபின் தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆகிறது?” என்று கேளுங்கள். பதிவில் பின்னூட்டங்களை மூடிவிட்டு, சந்தேகங்களைத் தனிச்செய்தியில் பெறுங்கள்.

தூக்கத்தோடு மனச்சோர்வையும் அளக்க பி.எச்.க்யூ.-9 வினாத்தாளைச் சேர்ப்பதாக இருந்தால், அதன் ஒன்பதாவது கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது என்பதை மறக்காதீர்கள். அன்றன்று வரும் விடைகளை அன்றன்றே ஒருவர் பார்த்து, தேவைப்படுபவரைத் தொடர்புகொள்ள வேண்டும். படிவத்தின் இறுதிப் பக்கத்தில் 24 மணி நேரமும் இயங்கும், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.