பணம் கட்டியும் பாதியில் நின்ற தொடர்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று ஓடிடி சந்தா இருக்கிறது. அம்மா பாதிவரை பார்த்திருந்த தொடர் போன மாதம் திடீரெனக் காணாமல் போய்விட்டது. வேறொரு செயலிக்குப் போய்விட்டதாம். கல்லூரியில் படிக்கும் மகன் டெலிகிராமில் இறக்கிக் கொடுத்துவிட்டு, "காசு கட்டினவங்களுக்கே கிடைக்கலைன்னா இதுல என்ன தப்பு?" என்கிறான். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மகனுடைய கோபம் நியாயமானது. முதலில் அதை அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஓடிடி நிறுவனங்கள் பல தொடர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரிமை வாங்கி வைத்திருக்கின்றன. காலம் முடிந்தால் தொடர் போய்விடும். நாம் கட்டிய பணம் திரும்பாது. அமெரிக்க நிறுவனமான ஹெச்பிஓவின் தொடர்கள் 2023 மார்ச் 31-ஆம் தேதியோடு ஹாட்ஸ்டாரை விட்டுப் போயின. அவற்றுக்காகவே ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் ஏமாந்து நின்றார்கள். அப்புறம் அவை ஜியோசினிமாவுக்கு வந்தன. 2025 பிப்ரவரியில் அந்த இரண்டு செயலிகளுமே ஒன்றாகிவிட்டன! பிரைம் வீடியோவில் 2025 ஜூன் முதல் படத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறது; அது வேண்டாமென்றால் ஆண்டுக்கு 699 ரூபாய் தனி என்று அப்போது அறிவித்தார்கள்.

பாட்டு விஷயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒருகாலத்தில் பேருந்து நிலையத்துக்குப் போனால் திருட்டு எம்பி3 சிடி கிடைக்கும். இன்று அதைத் தேடுவார் இல்லை. எந்தப் பாட்டுச் செயலியைத் திறந்தாலும் ஏறக்குறைய எல்லாப் பாட்டும் இருக்கிறது. மக்கள் ஒன்றும் திடீரென்று திருந்திவிடவில்லை, நேர்வழி சுலபமாகிவிட்டது. படத்துக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. எந்தச் செயலியில் இருக்கிறது என்று தேடி, டிவி ரிமோட்டில் கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, ஓடிபிக்காகக் காத்திருப்பதற்குள் டெலிகிராமில் படம் இறங்கிவிடுகிறது.

ஆனாலும் மகன் செய்தது சரியில்லை. அந்தத் தொடரில் உழைத்தவர்களுக்கு அதில் ஒரு பைசா போகாது. உங்களுக்கும் ஆபத்து இருக்கிறது. இப்படிப்பட்ட சேனல்களில் "இந்த ஆப்பைப் போட்டால்தான் படம் ஓடும்" என்று ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) வரும். அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி ஓடிபியும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்? ஆண்டுச் சந்தாவை விடுங்கள். மாதச் சந்தா இருக்கிற செயலியில் ஒரு மாதம் கட்டி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். யுபிஐ செயலியில் ஆட்டோபே (தானாகப் பணம் கழியும் வசதி) பகுதிக்குப் போனால் யுபிஐ வழியாக எந்தெந்தச் சந்தா ஓடுகிறது என்று தெரியும். அங்கேயே ரத்து செய்யலாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

ரத்து செய்யவிடாமல் சுற்றவிட்டால், அது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 தந்திரங்களில் ஒன்று. திரைப்பிடிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

அம்மாவின் தொடருக்கு அந்த நான்காவது செயலியில் ஒரே ஒரு மாதம் கட்டுங்கள். இருக்கும் மூன்றில் வீட்டில் யாரும் திறக்காத ஒன்றை இன்றே நிறுத்திவிடுங்கள்.