மலாக்காவுக்கு ஒரு நாள் போதுமா? வரலாற்றுத் தலங்களுக்கான ஒருநாள் பயணம்: கேள்வி பதில்

காலையில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, இரவு உறங்குவதற்கு வீடு திரும்பிவிடும்படியான வரலாற்றுப் பயணங்களைப் பற்றி அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஈசூன்): ஐயா, ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு மலாக்காவுக்குப் பேருந்தில் போய் அன்றே திரும்ப எண்ணியிருக்கிறோம். இயலுமா? எத்தனை இடங்களைப் பார்க்கலாம்?

பதில்: இயலும். ஆனால் இடங்களை எண்ணுவதற்கு முன்பு மணி நேரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மலாக்கா இங்கிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சாலை மட்டும் என்றால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் பயணத்தை, இரண்டு நாடுகளின் குடிநுழைவுச் சோதனைகள் நான்கு ஐந்து மணி நேரமாக நீட்டிவிடுகின்றன. காலை 6 மணிக்கு ஏறினால் 11 மணி வாக்கில் மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையத்தில் இறங்கலாம். பழைய நகரம் அங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், கிராப் வண்டி ஒன்றை அழைத்துக்கொள்வது நல்லது. மாலை 6 மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்றால், சாப்பாட்டு நேரம் போக உங்கள் கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேரந்தான். பிள்ளைகளோடு அதற்குள் நான்கு இடங்களைப் பார்த்தாலே நிறைவு. பத்து இடங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு போகிறவர்கள் படம் எடுப்பார்கள், பார்க்க மாட்டார்கள்.

பலரும் இறங்கியவுடன் செந்நிறக் கட்டடங்கள் உள்ள சதுக்கத்தையும் செயின்ட் பால் குன்றையும் நோக்கி நடக்கிறார்கள். உச்சி வெயிலில் அந்தப் படிகளில் ஏறிய பிள்ளைகள் பிறகு எதையும் இரசிக்கும் நிலையில் இருப்பதில்லை. எனவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஆற்றின் மறுகரையில் உள்ள கோயில் தெருவும் நிழலான கடைவீடுகளும், பிறகு மதிய உணவு, 4 மணிக்கு மேல் குன்று. மேலே 1521-இல் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. அதன் உட்சுவர்களில் டச்சுக்காரர்களின் ஆளுயரக் கல்லறைக் கற்களைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்படுவதற்கு முன்பு, 1553-இல் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்த இடம் அது.

குன்றிலிருந்து இறங்கும் வழியில்தான் கோட்டையின் எஞ்சிய வாயில் இருக்கிறது. கோட்டையை 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் எழுப்பினார்கள். வாயிலின் மேலோ டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. 1641-இல் நகரத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் பழுதுபார்த்துத் தங்கள் முத்திரையைப் பதித்ததன் விளைவு அது. 1807-இல் இக்கோட்டையை வெடிவைத்துத் தகர்க்கும் பணியை மேற்கொண்ட வில்லியம் ஃபார்குவார்தான், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாக (ஆங்கிலேய நிர்வாகத் தலைவராக) பொறுப்பேற்றவர். பள்ளியில் அவர் பெயரைப் படித்திருக்கும் உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கல்வாயிலுக்கு முன் கூடுதலாகப் பத்து நிமிடம் நிற்பார்கள்.

நாளைப் பொறுத்தவரை, விடுமுறையின் முதல் சனிக்கிழமையையும் வெள்ளிக்கிழமை மாலைகளையும் தவிர்த்துவிட்டு, செவ்வாய் அல்லது புதன்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைவிடத் துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியாகச் செல்லும் பேருந்து கிடைத்தால் அதையே எடுங்கள்.

கேள்வி (தோ பாயோ, ஹவ்காங்): மலாக்காவில் தமிழர் வரலாறு என்று சொல்லும்படியாக ஏதேனும் இருக்கிறதா? சுற்றுலாக் குழுவினர் அழைத்துச் சென்றபோது ஒன்றையும் காட்டவில்லை.

பதில்: நிறையவே இருக்கிறது. சுற்றுலாப் பேருந்து நிற்காத இடங்களில் இருப்பதுதான் சிக்கல்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலிருந்து தொடங்குங்கள். அங்குள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், டச்சு ஆட்சியில் கிடைத்த நிலத்தில் 1781-இல் எழுந்தது; மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்று. அதிலிருந்து சில நிமிட நடையில் 1748-இல் நிறுவப்பட்ட கம்போங் கிளிங் பள்ளிவாசலும், பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருக்கின்றன. பள்ளிவாசலைச் சற்று நின்று கவனியுங்கள்: மூன்றடுக்குக் கூம்புக் கூரை, சீனப் பகோடாவைப் போன்ற மினாரா, ஐரோப்பியப் பாணித் தூண்கள், தரையிலும் சுவரிலும் வெளிநாட்டு ஓடுகள். இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய அப்பள்ளிவாசலில் துறைமுகத்துக்கு வந்துபோன எல்லாருடைய கைவண்ணமும் தெரியும்.

அடுத்து, காஜா பெராங் பகுதியில் உள்ள கம்போங் சிட்டி. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்களின் மரபு உடை சாரோங் கெபாயா, வழிபாடு சைவம், பெயருக்குப் பின்னால் பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்ற பட்டங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய வீடுகளின் வாசலில் மாவிலைத் தோரணத்தையும், முன்பக்கத்தில் திண்ணையையும் காணலாம். பொங்கலுக்கு முந்தைய நாளில் முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். அங்குள்ள சிறிய அருங்காட்சியகம் பார்க்கத்தக்கது. குடியிருப்பின் ஸ்ரீ முத்து மாரியம்மன் ஆலயத்தில் ஏப்ரல், மே மாதங்களை ஒட்டி நடைபெறும் திருவிழாவின்போது போனால், நூல்களில் படிப்பதைவிட அதிகமாகக் கற்றுக்கொள்ளலாம். சுற்றுலாத் தலம் என்பதைவிட அது மக்கள் குடியிருக்கும் தெரு என்பதை நினைவில் வைத்து, வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

போகுமுன் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர், போர்த்துகீசிய ஆவணங்களில் நீனா சட்டு என்று குறிக்கப்படும் தமிழ் வணிகர். சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு உதவிய அவரை, நகரத்தைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க், தலைமை அமைச்சரைப் போன்ற பெண்டஹாரா பதவியில் அமர்த்தினார். 1514-இல் அப்பதவி பறிக்கப்பட்டபோது அவர் தீமூட்டி உயிர்விட்டார். அவருக்கென்று நகரின் மையத்தில் பெரிய சிலை எதுவும் உங்கள் கண்ணில் படாது. கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் உண்டு.

கேள்வி (தெம்பனிஸ்): நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை அனுமதியில் இருப்பவன். எனக்கு என்னென்ன ஆவணங்கள் தேவை?

பதில்: கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், வேலை அனுமதி அட்டையும் உடன் இருக்க வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்களுக்கு 30 நாள் வரையிலான விசா விலக்கு அளித்து வருகிறது. காலவரம்பு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை என்பதால், புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைச் சென்று சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். திரும்பும்போது நிலவழிச் சோதனைச்சாவடி என்றால் சிங்கப்பூர் வருகை அட்டை வேண்டியதில்லை. படகில் திரும்பினால் வேண்டும். இந்தோனேசியாவின் பின்டான் தீவுக்குப் போகிறவர்கள் பலர் இதை மறந்துவிட்டு முனையத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் நிரப்புகிறார்கள்.

கேள்வி (பாசிர் ரிஸ்): பேருந்துப் பயணம் எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. படகில் போகக்கூடிய வரலாற்றுத் தலம் உண்டா? பின்டானில் கடற்கரை விடுதிகள் மட்டுந்தானே இருக்கின்றன?

பதில்: என்னைக் கேட்டால், சிங்கப்பூரின் வரலாற்றை அறிய விரும்புகிறவர் மலாக்காவுக்கும் முன்னதாகப் போக வேண்டிய இடம் பெனியெங்காட் தீவு. பின்டானின் தஞ்சோங் பினாங் நகருக்கு எதிரே, ஒரு மணி நேரத்தில் சுற்றிவரக்கூடிய அளவில் இருக்கிறது. ரியாவ் இளவரசி எங்கு புத்ரி ஹமிதாவுக்குச் சுல்தான் மஹ்மூத் மணக்கொடையாகக் கொடுத்த தீவு என்று வரலாறு சொல்கிறது. சுல்தான் 1812-இல் மறைந்தபின், அரசுரிமைச் சின்னங்கள் இளவரசியின் பொறுப்பில் இருந்தன. அவற்றைச் சுல்தானின் இளைய மகன் அப்துல் ரஹ்மானுக்குக் கொடுக்க அவர் மறுத்தார். வாரிசுச் சிக்கல் இப்படி நீண்டுகொண்டிருந்த நிலையில்தான், மூத்தவரான ஹுசேனைச் சுல்தானாக ஏற்று 1819 பிப்ரவரி 6 அன்று ராஃபிள்ஸ் சிங்கப்பூர் உடன்படிக்கையைச் செய்துகொண்டார். அச்சின்னங்களை டச்சுக்காரர்கள் 1822-இல் கைப்பற்றினார்கள். அந்த அம்மையாரின் கல்லறை இத்தீவில் இருக்கிறது. மலாய் அறிஞர் ராஜா அலி ஹாஜியும் அதே வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய அறநெறிப் பாடல்களைச் சுவரில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

மஞ்சள் நிறப் பெரிய பள்ளிவாசல் 1832-இல் கட்டி முடிக்கப்பட்டது. சுண்ணாம்புக் கலவையில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்தார்கள் என்று உள்ளூரார் சொல்வார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. குவிமாடங்கள் 13, மினாராக்கள் 4. ஆகப் பதினேழும் ஒரு நாள் தொழுகையின் ரக்அத் (தொழுகைச் சுற்று) எண்ணிக்கையைக் குறிக்கும்.

வழி இதுதான். தானா மேரா படகு முனையத்திலிருந்து தஞ்சோங் பினாங்குக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து போம்போங் எனப்படும் சிறு மோட்டார் படகில் கால் மணி நேரம். பயணச்சீட்டு வாங்கும்போது கவனம் தேவை: அதே முனையத்திலிருந்து விடுதிகள் உள்ள லாகோய் பகுதிக்கும் படகுகள் போகின்றன. தவறி அதில் ஏறிவிட்டால், தஞ்சோங் பினாங் வந்து சேரச் சாலை வழியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அங்கே கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். திரும்பும் படகின் நேரம் உள்ளூர் நேரப்படிதான் அச்சிடப்பட்டிருக்கும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் வேலை அனுமதியாளர்களுக்கு விசா தேவை. இறங்கியதும் கட்டணம் செலுத்திப் பெறலாம்.

கேள்வி (செங்காங்): இராசேந்திர சோழன் வென்ற கடாரத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடியுமா?

பதில்: முடியாது. முயலவும் வேண்டாம். கடாரம் எனப்பட்ட கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கிறது. பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், பிறகு வாடகைக் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். குறைந்தது ஓர் இரவு தங்கும் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டியுள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டி (பழங்காலக் கோயில்), 1930-களில் அகழப்பட்டு, 1959-60-இல் மீட்டமைக்கப்பட்டது. கருவறையும் முன்மண்டபமும் இருந்த கல்லடித்தளந்தான் எஞ்சியிருக்கிறது. தூண்களைத் தாங்கிய கற்களைக் கொண்டு, மேலே மரத்தாலான அமைப்பு இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள்.

சோழர் கட்டிய கோயில் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பிப் போகாதீர்கள். அதற்குச் சான்று இல்லை. 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு முன்பே, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் ஊரைக் கொடையாக அளித்ததைச் செப்பேடு சொல்கிறது. போரைவிட நீண்ட காலம் நடந்தது வணிகம். போவதாக இருந்தால் தள்ளிப்போடாமல் போங்கள். பள்ளத்தாக்கின் பதினோராம் எண் சண்டியை 2013-இல் கட்டுமானப் பணிக்காக இடித்தேவிட்டார்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): எழுபது வயதைக் கடந்த என் தாயாருடன் அரை நாள் மட்டும் போய்வர வேண்டும்.

பதில்: ஜோகூர் பாரு. உட்லண்ட்ஸிலிருந்து தெப்ராவ் ரயிலில் ஐந்தே நிமிடம். போகும்போது இரு நாட்டுச் சோதனைகளும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடுவதால் அம்மாவுக்கு அலைச்சல் குறைவு. வார இறுதிச் சீட்டுகள் முன்பே தீர்ந்துவிடும். கண்ணாடிச் சில்லுகளால் உள்முழுதும் இழைத்த ராஜ காளியம்மன் ஆலயத்தைப் பார்த்துவிட்டு, மதிய உணவோடு திரும்பிவிடுங்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): எங்களிடம் கார் இருக்கிறது. கூட்டமில்லாத இடம் ஏதேனும் சொல்லுங்கள்.

பதில்: கோத்தா திங்கி வட்டாரத்தில் ஜோகூர் ஆற்றங்கரையில் ஜோகூர் லாமா இருக்கிறது. மலாக்காவை இழந்த அரச மரபினர் அமைத்த தலைநகரங்களுள் ஒன்று. 1587-இல் போர்த்துகீசியர் அழித்தார்கள். மண் கொத்தளமும் சிறு அருங்காட்சியகமும் ஆறும் தவிர வேறு எதுவும் இல்லை. அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது; பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டலாம்.

மற்றொன்று, யோங் பெங்கிலிருந்து மூவார் போகும் சாலையில் உள்ள பாரிட் சூலோங் பாலம். 1942 ஜனவரியில் மூவார் ஆற்றங்கரையில் ஜப்பானியரை எதிர்த்த 45-ஆம் இந்தியப் படைப்பிரிவினரும் ஆஸ்திரேலியரும் பின்வாங்கி வந்தபோது, இப்பாலம் ஏற்கெனவே எதிரியின் வசம் இருந்தது. நடக்க இயலாமல் விட்டுச்செல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட காயமுற்ற வீரர்களை ஜப்பானியர் கொன்றார்கள். பாலத்தருகே நினைவிடம் உள்ளது. அங்கிருந்து மூவாருக்குப் போய் மதிய உணவை முடித்துக்கொள்ளலாம்.

சோதனைச்சாவடியை அடையும்போது கலனில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியும் இப்போது கட்டாயம்.

கேள்வி (பிடோக்): திரும்பும்போது என்னென்ன வாங்கி வரலாம்?

பதில்: மலாக்காவில் பனைவெல்லமும் டோடோல் இனிப்பும் வாங்கலாம். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவர்களுக்குப் பொருள் சேவை வரி விலக்கு 100 வெள்ளி வரைதான். சிகரெட்டுக்குச் சலுகை அறவே இல்லை. மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுவுக்கும் இல்லை. ஒரு போத்தலாக இருந்தாலும் அறிவித்துத் தீர்வை செலுத்திவிடுங்கள்.