ஜப்பானில் இருந்து ஐரோப்பாவுக்கு மருமகளாகப் போன மிட்சுகோ யார்?

டோக்கியோவில் பழம்பொருள் வியாபாரியின் மகளாக 1874இல் பிறந்தவர் மிட்சுகோ அவோயாமா. ஆஸ்திரிய-ஹங்கேரியத் தூதரகத்தில் வேலை பார்த்த ஹைன்ரிஷ் கூடன்ஹோவ்-கலெர்கி என்ற பிரபுவை 1892இல் மணந்தார். 1896இல் இரண்டு கைக்குழந்தைகளுடன் பொஹீமியாவில் உள்ள ரான்ஸ்பெர்க் கோட்டைக்குக் குடிபோனார்கள். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது.

கணவர் 1906இல் திடீரென்று இறந்தபோது மிட்சுகோவுக்கு வயது முப்பத்தி ஒன்றுதான், ஏழு பிள்ளைகள். சொத்தை அவருக்கே எழுதிவைத்திருந்தார் கணவர். 'இந்த அந்நியப் பெண்ணுக்கு என்ன தெரியும்?' என்று சொந்தக்காரர்கள் எதிர்த்தார்கள். விட்டுக்கொடுக்காமல் அவரே பண்ணையை நடத்தினார். எனக்கு அவர் வாழ்க்கையில் பிடித்த பகுதி இதுதான்.

ஆனால் இளகிய மனம் கொண்ட தாய் என்று சொல்ல முடியாது. மகன் ரிச்சர்டு தன்னைவிட வயதில் மூத்த, விவாகரத்தான நடிகை இடா ரோலாண்டை மணந்ததை அவரால் ஏற்க முடியவில்லை. (தானே ஊரை எதிர்த்துக் கல்யாணம் செய்தவர்!) அதே ரிச்சர்டுதான் 1923இல் ஒன்றுபட்ட ஐரோப்பா வேண்டும் என்று பான்-ஐரோப்பா இயக்கத்தைத் தொடங்கியவர்.

அப்புறம் பக்கவாதம் வந்தது. வியன்னாவை அடுத்த மோட்லிங்கில் மகள் ஓல்காவின் துணையோடு கடைசிக் காலத்தைக் கழித்து, 1941இல் இறந்தார். 1896க்குப் பிறகு ஜப்பானை அவர் பார்க்கவே இல்லை.