மாடியிலா, வானத்திலா, கணக்கிலா? டி.டி.எச். கேள்வி பதில்

வேலூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிஷ் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கேள்வி அனுப்பியவர்கள் நிறுவனத்தின் பெயரை எழுதியிருந்த இடங்களில் அதை நீக்கிவிட்டேன். படம் வரவில்லை என்றால் கோளாறு வானத்தில் இருக்கும், இல்லையென்றால் உங்கள் மாடியில் இருக்கும், அதுவும் இல்லையென்றால் நிறுவனத்தின் கணக்கில் இருக்கும். எந்த இடம் என்று தெரிந்துகொள்ளாமல் கஸ்டமர் கேரில் போடும் சண்டையில் பெரும்பாலும் வாடிக்கையாளரே சோர்ந்து போகிறார் என்பதால்தான் இந்தப் பதில்களை எழுத ஒப்புக்கொண்டேன்.

தொரப்பாடியிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, வீட்டுக்கு அருகில் மலை இருப்பதால் சிக்னல் எடுக்காது என்று டெக்னீஷியன் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கட்டிய பணமும் திரும்பவில்லை. மலையடிவாரத்தில் டி.டி.எச். கிடைக்காதா?

கிடைக்கும். இந்தக் காரணத்தை நானும் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். நம் ஊரைப் பொறுத்தவரை அது அநேகமாக எங்குமே பொருந்தாது. டி.டி.எச். சிக்னலை அனுப்பும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. வேலூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், அவை நமக்குத் தலைக்கு மேலே வெகு உயரத்தில் தெரியும். கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரியில் நிற்கும் செயற்கைக்கோளை நோக்கினால் பார்வை தரையிலிருந்து 74 டிகிரி உயர வேண்டும். 93.5 டிகிரியில் நிற்பதற்கு 67 டிகிரியும், 108 டிகிரியில் நிற்பதற்கு 53 டிகிரியும் உயர்ந்தால் போதும். இவற்றில் தாழ்வாகத் தெரிவது கடைசியில் சொன்னதுதான். அதையே மலை மறைக்க வேண்டுமானால், உங்கள் டிஷ்ஷிலிருந்து 100 மீட்டர் தூரத்துக்குள் 130 மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்குச் செங்குத்தாக எழ வேண்டும். அதுவும் கிழக்குக்கும் தெற்குக்கும் இடைப்பட்ட திசையில் இருக்க வேண்டும். உண்மையில் மறைப்பது மலையன்று, பக்கத்து வீட்டுத் தென்னை மரம். டிஷ் வைத்தபோது தாழ்ந்திருந்த மட்டை மூன்று வருடத்தில் மேலேறி வந்துவிடும். காற்றடிக்கும்போது மட்டும் படம் உடைந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

“மலை மறைக்கிறது” என்று சொன்னவரிடம், எந்தத் திசையில், எத்தனை டிகிரி உயரத்தில் மறைக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி: பாதிச் சேனல்கள் தெளிவாக வருகின்றன, பாதி வருவதே இல்லை. பேக் மாற்றினால் சரியாகிவிடும் என்று கஸ்டமர் கேரில் கூறுகிறார்கள்.

பேக்குக்குப் பணம் கட்டாதீர்கள், அம்மா. வராத சேனலில் “சந்தா இல்லை” என்ற வாசகம் தெரிந்தால்தான் அது கணக்குக் கோளாறு. “சிக்னல் இல்லை” என்று தெரிந்தால் அது மாடிக் கோளாறு. செட்டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியாக டிஷ்ஷின் முகத்தில் சிக்னலை வாங்கும் சிறு கருவியான எல்.என்.பி.க்கு ஒருவகைச் சேனல்களுக்கு 13 வோல்ட்டும் மற்றவகைக்கு 18 வோல்ட்டும் அனுப்புகிறது. கனெக்டரில் மழைநீர் இறங்கிப் பச்சை பிடித்தாலோ, கேபிள் பழுதாகி வழியில் மின்னழுத்தம் குறைந்தாலோ, 18 வோல்ட் போய்ச் சேராது. அப்போது ஒரு பாதி மட்டும் காணாமல் போகும். மாடியிலும் பாக்ஸின் பின்புறமும் உள்ள இரண்டு கனெக்டர்களையும் வெட்டிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் எல்.என்.பி.யை மாற்ற வேண்டும்.

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் வீட்டில் ஒரு சொட்டு மழை இல்லாதபோதே படம் போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் வேறு நிறுவனம். அவர்களுக்குப் படம் நன்றாக ஓடுகிறது. எங்கள் நிறுவனம் ஏமாற்றுகிறதா?

ஏமாற்று இல்லை. வீட்டுக்கு வரும் அலைகள் கே.யூ. பேண்ட் எனப்படும், ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள நுண்ணலைகள். மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. நம் பகுதியில் மழை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிஷ் 108 டிகிரிச் செயற்கைக்கோளைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் பார்வைக்கோடு 53 டிகிரி சாய்வில் செல்வதால், ஐந்து கிலோமீட்டர் உயரத்தை எட்டும்போது அது உங்கள் வீட்டிலிருந்து கிழக்கே, சற்றுத் தெற்காக, ஏறக்குறைய மூன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருக்கும். அங்கே இடிமழை கொட்டினால், உங்கள் முற்றம் காய்ந்து கிடந்தாலும் படம் போகும். பக்கத்து வீட்டு டிஷ் 83 டிகிரியைப் பார்ப்பதானால், அது கிட்டத்தட்ட தெற்கே, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்குள் மழையைத் தாண்டிவிடும். இருவரும் வானத்தின் வேறு வேறு பகுதிகளைப் பார்க்கிறீர்கள்.

இராணிப்பேட்டையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: மேலே கூறிய பதிலை ஏற்க முடியவில்லை. என்னுடையது 83 டிகிரி. என் தம்பி வீட்டில் 108. ஒரே தெரு. சென்ற ஐப்பசியில் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் மழை கொட்டியபோது முதலில் போனது என் வீட்டுப் படம்தான். உங்கள் கணக்குப்படி நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

ஐயா, உங்கள் மறுப்பு நியாயமானது. நான் பாதியைத்தான் சொன்னேன். பாதை மட்டும் கணக்கென்றால் உங்கள் தம்பி வீட்டு அலை மழைக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகத் தூரம் வர வேண்டும், அதனால் அதுதான் முதலில் போயிருக்க வேண்டும். ஆனால் மழை வரும் முன்பே உங்கள் டிஷ்ஷில் எவ்வளவு சக்தி மிச்சம் இருந்தது என்பதுதான் மறு பாதி. 60 சென்டிமீட்டர் டிஷ் வானத்தில் ஏறக்குறைய மூன்று டிகிரி அகலமுள்ள பகுதியைத்தான் கூர்மையாகப் பார்க்கும். நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினாலே வரும் சக்தி பாதியாகிவிடும். வெயில் நாளில் அந்தப் பாதியே போதும் என்பதால் படம் குறையின்றி ஓடும், உங்களுக்கும் எதுவும் தெரியாது. மழை வந்ததும் கையிருப்பு இல்லாதவன் முதலில் தடுமாறுவதுபோல அந்த டிஷ்தான் முதலில் படத்தை இழக்கும். செட்டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னல் தரம் காட்டும் பக்கம் இருக்கும். தெளிந்த வானத்தில் அதன் எண்ணைக் குறித்து அனுப்புங்கள்.

அதே ஆசிரியர், மறுநாள்: தரம் 58 என்று காட்டியது. வந்த பையன் டிஷ்ஷைச் சிறிது திருப்பியதும் 84 ஆகிவிட்டது. பிறகு பெய்த மழையில் படம் சற்றே உடைந்தது, ஆனால் போகவில்லை. இருந்தாலும் ஒரு கேள்வி: பொருத்தியவரே இதைச் சரியாக வைத்திருக்க வேண்டாமா?

கட்டாயம் வைத்திருக்க வேண்டும். உங்கள் கோபத்தில் நானும் பங்கு கொள்கிறேன். பொருத்தும் நாளில் படம் வந்தவுடன் கையொப்பம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். உச்ச அளவு வரும்வரை திருப்பிப் பார்த்து போல்ட்டை இறுக்க இன்னும் பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடத்தை யாரும் கொடுப்பதில்லை. டிஷ் வைக்க வருபவரிடம் கையொப்பம் போடும் முன் சிக்னல் தரத்தின் எண்ணைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அதைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். பிற்பாடு புகார் கொடுக்கும்போது அதுவே உங்கள் சாட்சி.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர்: இந்த விவாதத்தைப் படித்தேன். 90 சென்டிமீட்டர் டிஷ் வாங்கினால் மழைப் பிரச்சினை ஒழிந்துவிடுமா?

குறையும், ஒழியாது. 60-க்குப் பதில் 90 வைத்தால் பரப்பு இரண்டே கால் மடங்காகும், வாங்கும் சக்தியும் அவ்வளவு கூடும். சாதாரண மழையைத் தாங்கும். வடகிழக்குப் பருவமழையில் தாழ்வு மண்டலம் வந்து நின்று கொட்டும்போதும், ஆனி ஆடி மாலைகளில் இடியோடு அடிக்கும் மழையிலும் எந்த டிஷ்ஷிலும் சில நிமிடங்கள் படம் போகும். பெரிய டிஷ் காற்றையும் அதிகம் வாங்கும், ஆகவே பலமான தூணும் நான்கு போல்ட்டும் வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவரில் வைக்காதீர்கள்.

வாணியம்பாடி, வாலாஜா, ஆரணி, பள்ளிகொண்டா வாசகர்கள் ஒன்பது பேர்: மழையில் படம் போகிறது, என்ன செய்வது?

மேலே உள்ள மூன்று பதில்களையும் படியுங்கள். தெளிந்த வானத்தில் சிக்னல் தரம் எவ்வளவு என்பதை அனுப்பாமல் இந்தக் கேள்வியை இனி யாரும் அனுப்ப வேண்டாம். டிஷ்ஷின் மேல் பாலித்தீன் உறை கட்டுவதைப் பற்றிக் கேட்ட இருவருக்கும்: கட்டாதீர்கள், உறையின் மேல் படியும் நீர்ப்படலமும் அலையைக் குறைக்கும்.

ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகி: பங்குனி தொடக்கத்தில் சில நாட்கள் நண்பகல் வேளையில் சரியாகச் சில நிமிடங்கள் மட்டும் படம் போகிறது. மழையும் இல்லை, மேகமும் இல்லை.

அந்த நாட்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனின் இரைச்சல் சிக்னலை மூழ்கடித்துவிடுகிறது. பங்குனியில் சில நாட்களும் புரட்டாசியில் சில நாட்களும் இது நடக்கும்; எந்த நிறுவனமானாலும் தப்ப முடியாது. டெக்னீஷியனை அழைத்து வருகைக் கட்டணம் கொடுக்க வேண்டாம்.

சத்துவாச்சாரியிலிருந்து ஓய்வூதியர் ஒருவர்: மாதம் 350 ரூபாய் கட்டுகிறேன். நாங்கள் பார்ப்பது எட்டுச் சேனல். மீதியெல்லாம் எங்களுக்குத் தெரியாத மொழியில் வருகிறது. கேட்டால் “இதுதான் பேக்” என்கிறார்கள். இது சட்டப்படி சரியா?

பேக் விற்பது சட்டப்படி சரி. பேக்கைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்வது சரியன்று. 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளின்படி, சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு. இரண்டு வகைக் கட்டணம் இருக்கிறது. ஒன்று, இணைப்புக்கான கட்டணம். தொடக்கத்தில் 100 சேனல் வரைக்கும் 130 ரூபாய் என்பது உச்சவரம்பாக இருந்தது, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. 2020-இல் அதே தொகைக்கு 200 சேனல் என்றாக்கினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே நீக்கிவிட்டார்கள், ஆகவே இப்போது நிறுவனம் தான் அறிவிக்கும் தொகையை வாங்கலாம். உங்கள் நிறுவனம் எவ்வளவு வாங்குகிறது என்பதைப் பில்லில் தனியாகப் பாருங்கள். மற்றொன்று, கட்டணச் சேனல் ஒவ்வொன்றின் விலை. 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்பது விதி. அதை ஒருமுறை 12 ஆக்கினார்கள், 2022 நவம்பரில் மறுபடி 19 ஆனது.

உங்கள் எட்டுச் சேனலும் 19 ரூபாய் என்றே வைத்தாலும் 152 ரூபாய்தான் ஆகிறது. அவற்றில் செய்திச் சேனல்கள் பல இலவசமாக இருக்கும். ஆகவே கஸ்டமர் கேரில் “பேக்கை நீக்கிவிட்டு இந்த எட்டையும் தனித்தனியாகச் சேர்த்தால் வரியுடன் மொத்தம் எவ்வளவு” என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். சில வீடுகளில் பேக்கே மலிவாக இருக்கும், அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. ஒரே சேனலின் எச்.டி.யும் சாதாரண வடிவமும் இரண்டுமே உங்கள் பட்டியலில் இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். பேசி முடித்ததும் புகார் எண்ணை வாங்குங்கள்.

ஆரணியிலிருந்து ஒரு வாசகர்: நிறுவனத்தை மாற்ற விரும்புகிறேன். இருக்கும் பாக்ஸையே பயன்படுத்த முடியுமா?

முடியாது. எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாகப் பாக்ஸ் இருக்க வேண்டும் என்று டிராய் 2020-இல் பரிந்துரைத்தது. கையில் வாங்கக்கூடியதாக அது இன்னும் வந்து சேரவில்லை. டிஷ்ஷையும் கேபிளையும் பெரும்பாலும் அப்படியே பயன்படுத்தலாம். புதிதாக வருபவர் அதற்கும் சேர்த்துப் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பேரணாம்பட்டிலிருந்து ஒரு வாசகர்: இணையத்தில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணுக்கு அழைத்தேன். ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொன்னார்கள். பிறகு வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது.

உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். மற்ற அனைவருக்கும்: கஸ்டமர் கேர் எண்ணைத் தேடிப் பார்த்து எடுக்காதீர்கள். அது உங்கள் பாக்ஸின் திரையிலும் பழைய ரசீதிலும் இருக்கும். ரீசார்ஜுக்கோ பழுதுக்கோ யாரும் ஓ.டி.பி. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒடுகத்தூரிலிருந்து ஒரு வாசகி: மாதக் கட்டணமே இல்லாத ஃப்ரீ டிஷ் வைத்தால் போதுமா?

93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 வழியாகப் பிரசார் பாரதி அதை வழங்குகிறது. பாக்ஸையும் டிஷ்ஷையும் ஒருமுறை வாங்கினால் மாதச் செலவு கிடையாது. முன்பு பொதிகை என்றிருந்த டிடி தமிழ் வரும். ஆனால் நீங்கள் தினமும் பார்க்கும் தமிழ்த் தொடர் வருகிறதா என்று கடையில் ஓடும் திரையில் பார்த்த பிறகு வாங்குங்கள். பெரிய தனியார் தமிழ்ச் சேனல்கள் அதில் இல்லை.

வேலூர் கொசப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: இருபது நாட்களாகப் படம் இல்லை. ஐந்து முறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் “நாளை வருவார்” என்கிறார்கள். டிராயிடம் புகார் கொடுக்கலாமா?

தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளைக் கடத்தாதீர்கள். ஐந்து அழைப்புக்கும் புகார் எண் வாங்கியிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. இன்றே மீண்டும் அழைத்து எண் வாங்குங்கள், அதை நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலாகவும் எழுதுங்கள், படம் இல்லாத நாட்களுக்கான தொகையைத் திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். புகார் எண்கள், மின்னஞ்சல் நகல், ரீசார்ஜ் ரசீது ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் அங்கே செல்லாதீர்கள்.

திருப்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்: எந்த ஸ்மார்ட் டிவி வாங்கலாம்?

இது என் துறையன்று.

ஏலகிரியிலிருந்து ஒரு வாசகர்: குரங்குகள் கேபிளைப் பிடித்துத் தொங்குகின்றன. இரண்டு முறை டிஷ் திரும்பிவிட்டது.

கேபிளை அந்தரத்தில் விடாமல், எல்.என்.பி.யிலிருந்து டிஷ்ஷின் கையோடு கட்டி, தூணோடு இறக்கி, சுவரில் ஓர் அடிக்கு ஒரு கிளிப் அடித்துக் கொண்டுவாருங்கள். தொங்கப் பிடி கிடைக்காது. டிஷ்ஷைச் சரியான நிலையில் வைத்த பிறகு தூணிலும் பிடியிலும் பெயிண்டால் ஒரே கோடாக அடையாளம் போட்டுவிடுங்கள். மறுமுறை திரும்பினால் இரண்டு கோட்டையும் சேர்த்து நீங்களே இறுக்கிக்கொள்ளலாம்.