தயவுகூர்ந்து

அன்புள்ள ஐயா,

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நாலு வருஷம் மூணு மாதமாக வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு 12 லட்சம் என்று ஆஃபர் லெட்டரில் இருந்தது. கைக்கு வருவது 75 ஆயிரம்தான். போன வாரம் மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சான்றிதழும் 2,000 ரூபாய் கிஃப்ட் வவுச்சரும் கொடுத்தார்கள். இன்னொரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். போகலாமா, மதிக்கிற இடத்திலேயே இருந்துவிடவா?

கே.

அன்புள்ள கே,

வவுச்சரில் அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள். அதைப் பற்றிப் பேச வேறெதுவும் இல்லை.

12 லட்சம் எழுதியிருக்கிறீர்கள், 75 ஆயிரம் எழுதியிருக்கிறீர்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு? நாலு வருஷமாக மாதா மாதம் வருகிற சம்பளச் சீட்டைத் திறந்தே பார்த்ததில்லையா? கோபமாகத்தான் கேட்கிறேன். பேசிக் 50,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், 6,000 ரூபாய், உங்கள் பி.எஃப். கம்பெனி தன் பங்காகக் கட்டும் இன்னொரு 6,000மும் பெரும்பாலும் உங்கள் 12 லட்சத்துக்குள்தான் இருக்கும். அப்புறம் பணிக்கொடை, அதாவது வேலையை விட்டு விலகும்போது மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டி, என்று பேசிக்கில் 4.81 சதவீதம், மாதம் 2,400 ரூபாய் சொச்சம். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற கணக்கில் வரும் எண் அது. ஐந்து வருஷம் ஆகாமல் விலகினால் அந்தப் பணம் பொதுவாகக் கிடையாது. அது உங்கள் சம்பளம் என்றால் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் 12 லட்சம் என்று சொல்லக் கூடாது. ஐந்தாம் வருஷத்தில் 240 நாள் முடிந்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அதற்குக் குறைந்தது ஐந்து மாதம் இருக்கிறது. 50,000 பேசிக்குக்கு ஒரு லட்சத்து 44 ஆயிரம் வரும். போவதா இருப்பதா என்பதை அதற்கப்புறம் யோசியுங்கள்.

பணிக்கொடை என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. கொடையா அது? பணிக்கொடையும் ஓய்வூதியமும் தானமல்ல, நீண்ட காலம் உழைத்துச் சம்பாதித்தவை என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. என் அப்பாவுக்கு அது அதற்கு வெகு காலம் முன்பே தெரியும்.

அப்பா கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 வருஷம் ஸ்பின்னிங்கில் இருந்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு நாள் ஆலையைப் பூட்டினார்கள். பாக்கியும் வரவில்லை, பணிக்கொடையும் வரவில்லை. 1972ஆம் வருஷச் சட்டப்படி முப்பது நாளில் தர வேண்டிய பணம். தீபாவளி வந்தது, போனஸ் இல்லாத முதல் தீபாவளி. அம்மா முறுக்கு மட்டும் சுட்டாள்.

தொழிலாளர் துறைக்கு மனு எழுத அப்பா என்னை உட்கார வைத்தார். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும். 'எனக்குரிய பணிக்கொடையைத் தயவுகூர்ந்து பெற்றுத் தருமாறு' என்று பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர் பழக்கத்தில் எழுதிவிட்டேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் நிறுத்தினார். "எதுக்குடா தயவு? அவன் வீட்டுப் பணமா?" என்றார். அப்பா அதுவரை என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அழுத்தி அடித்தார். தாள் கிழிந்துவிட்டது.

வேறொரு தாளில் மறுபடி எழுதினேன்.