செம்மண்ணில் தேசி வெளுப்பது ஏன்?

தேசியும் தோடையும் வெளுத்துப்போவது பற்றி யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

உரும்பிராயிலிருந்து ஒருவர்: செம்மண்ணின் நிறமே இரும்பினால் வந்தது என்கிறார்கள். அப்படியிருக்க, என் தேசிக்கு இரும்புக் குறை எப்படி வந்தது?

நிறம் இரும்பினால் வந்தது உண்மைதான். ஆனால் அது வேரால் எளிதில் எடுக்க முடியாத ஒட்சைட்டாக இருக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல் என்பதால் மண்ணும் பல இடங்களில் காரத்தன்மை கொண்டது, காரத்தன்மையைக் காட்டும் அளவான பீ.எச். ஓர் அலகு கூடும்போது மண்ணீரில் கரைந்திருக்கும் பெரிக் இரும்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நாம் இறைக்கும் கிணற்றுநீரும் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய வன்னீர் என்பதால் அதிலுள்ள பைகாபனேற்று வேர் எடுத்த இரும்பைக்கூடச் செயற்படவிடாமல் தடுக்கிறது. ஆகவே குறை மண்ணில் அன்று, மரத்துக்குக் கிடைப்பதில்தான் இருக்கிறது.

கோண்டாவிலிலிருந்து: இது இரும்புக் குறைதான் என்று எப்படி அறிவது?

இளந்தளிர் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் இரும்பை ஐயுறலாம். முதிர்ந்த இலைகள் முதலில் வெளுத்தால் நைதரசன் அல்லது மக்னீசியத்தைப் பாருங்கள். இலை சிறுத்து ஒடுங்கியிருந்தால் நாகச் சத்தின் (சிங்க்) குறையும் சேர்ந்திருக்கக்கூடும்.

அச்சுவேலியிலிருந்து: அன்னபேதியை (இரும்புச் சல்பேற்று) அடியில் இட்டும் பயனில்லையே?

சுண்ணாம்பு மண்ணில் அது விரைவில் கரையாப் பொருளாகிவிடும். இன்னும் இட்டால் காசுதான் வீணாகும். அதே அன்னபேதியில் 5 கிராமை, 1 கிராம் சித்திரிக்கமிலத்துடன் ஒரு லீற்றர் நீரில் கரைத்து, மாலையில் தளிர்களில் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் தெளித்து, கருகுகிறதா என்று பார்த்தபின் மற்றவற்றுக்குச் செல்லுங்கள். தெளித்த இலை மட்டுமே பச்சையாகும் என்பதால் ஒவ்வொரு தளிர்ப்பிலும் மீண்டும் தெளிக்கவேண்டும். பழுப்பேறிய அன்னபேதியை வாங்காதீர்கள்.

சாவகச்சேரியிலிருந்து: கடையில் பலவகை இரும்புச் செலேற்றுகள் உள்ளன. எதை வாங்குவது?

செலேற்று என்பது இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மம். அதன் வகையைக் காட்டும் எழுத்துகளைப் பொதியில் நிதானமாக வாசியுங்கள். ஈ.டி.ரி.ஏ. நம் மண்ணில் நிலைக்காது, டி.ரி.பி.ஏ. பீ.எச். 7.5 வரையே தாங்கும், மண்ணுக்கு ஈ.டி.டி.எச்.ஏ.தான் ஏற்றது, விலை கூடினாலும். வெயில் அதைச் சிதைப்பதால் நீரில் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றி மண்ணால் மூடுங்கள்.

கந்தகம் இட்டால் மண்ணின் காரத்தன்மை குறையாதா?

ஒரு கிலோ கந்தகம் ஏறத்தாழ மூன்று கிலோ சுண்ணாம்புக்கல்லைத்தான் கரைக்கும். வளவு முழுவதையும் மாற்ற நினைக்காமல், குழியில் நன்கு மக்கிய மாட்டெருவுடன் சிறிதளவு சேர்ப்பதே தகும். கட்டட இடிபாடு புதைந்த சுவரோரத்தில் கன்று வைக்காதீர்கள். பாத்தியில் நீர் தேங்கவும் விடாதீர்கள், ஏனெனில் காற்றற்ற ஈரமண்ணில் பைகாபனேற்று கூடி, நீங்கள் ஊற்றிய செலேற்றின் பயனும் குறையும்.